தொப்புளில் ரத்தமா? துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்!

பிறந்து ஒன்பது நாளே ஆன பச்சைக் குழந்தை. திருமுல்லைவாயலிலிருந்து பாட்டி தூக்கி வந்தார். வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய வேட்டித் துணி நனைந்து சிவந்திருந்தது.

"நேத்து கொடி விழுந்துச்சு வைத்தியரே. அதுலேருந்து சொட்டிக்கிட்டே இருக்கு. வசம்பைச் சுட்டு, எண்ணெயில உரைச்சுப் போட்டும் நிக்கலை. நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க."

நான் மருந்து கொடுக்கவில்லை. "மூத்த குழந்தை இருக்காம்மா?" என்று கேட்டேன்.

பாட்டியின் முகம் வாடிவிட்டது. "இருந்துச்சுங்க. அதுக்கும் தொப்புள்ல இப்படித்தான் கசிஞ்சு, தானா நின்னுது. எட்டாம் மாசம் கட்டில்லேருந்து விழுந்துச்சு. தலைக்குள்ளே ரத்தம் கட்டிப் போயிடுச்சு."

பெற்றோர் இருவரும் அத்தை மகன், மாமன் மகள். மூத்த குழந்தையைத் தொப்புள் கசிவுக்காக ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்களாம். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினார்கள். 'குழந்தை நலம்' என்றிருந்தது. தொப்புள் என்ற சொல்லே அதில் இல்லை!

சுத்தமான காஸ் துணியால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பாட்டி சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, 108-ல் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினேன். வழக்கமான ரத்த உறைவுச் சோதனைகள் சரியாகவே இருந்தன. ஆனால் தாளைப் படித்த டாக்டர் அத்துடன் விடவில்லை. தனிச் சோதனை செய்ததில், பதின்மூன்றாம் உறைகாரணி குறைவு என்று தெரிந்தது.

சோதனை சரி, ரத்தம் மட்டும் ஏன் நிற்கவில்லை?

ரத்தம் உறைவது வலை பின்னுவது போல. இழைகளைக் கடைசியில் இறுக்கி முடிச்சுப் போடுவது பதின்மூன்றாம் காரணி. அது இல்லாவிட்டாலும் ரத்தம் உரிய நேரத்தில் உறையும். அதனால் வழக்கமான சோதனையில் பிடிபடாது. ஆனால் உறைந்தது நிலைக்காமல் கரைந்துவிடும். இவர்களுக்குப் பெரும்பாலும் முதல் அறிகுறியே தொப்புள் கசிவுதான். பின்னால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் இந்த நோய் வெளிப்படும். அதனால் சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது. கண்டுபிடித்துவிட்டால் பயமில்லை. குறைந்த காரணியை மாதம் ஒருமுறை போல ஏற்றினால் போதும். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

எண் சொல்லும் கதை

அம்பத்தூர் எஸ்டேட்டில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் பக்கம் ஏராளம். கழுத்து வலிக்காக என்னிடம் வரும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். "கேஸ் ஷீட்ல டாக்டர் எழுதினதுக்குத்தான் சார் நாங்க கோடு போட முடியும். எழுதாததை ஊகிக்கக் கூடாது" என்றார்.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பு நோய்ப் பட்டியலில் பச்சிளங் குழந்தையின் தொப்புள் ரத்தப்போக்குக்கு 'பி 51' என்று எண். பெருமளவு போனால் 51.0, கட்டு நழுவியது போன்ற மற்றவை 51.8, விவரம் குறிப்பிடப்படாவிட்டால் 51.9. தொப்புள் புண்ணாகிச் சற்றே ரத்தம் கசிந்தால் 'பி 38'. வைட்டமின் 'கே' குறைவால் வந்தால் 'பி 53'. பதின்மூன்றாம் காரணி போன்ற பிறவிக் குறைக்கு 'டி 68.2'.

பார்ப்பதற்கு எல்லாம் ஒரே சிவப்புக் கறைதான். ஆனால் ஒன்றுக்குக் கட்டை இறுக்க வேண்டும், ஒன்றுக்குக் கிருமி மருந்து, ஒன்றுக்கு வைட்டமின் ஊசி, ஒன்றுக்கு உறைகாரணி. 51.9 என்று நின்றுவிட்டால் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அந்த எண்கூட இல்லையென்றால், அடுத்த டாக்டருக்குக் கேள்வியே தெரியாது!

வைட்டமின் 'கே' ஊசி

பிறக்கும்போது குழந்தைக்கு இந்த வைட்டமின் குறைவு, தாய்ப்பாலிலும் சொற்பம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பிறந்தவுடன் தொடையில் ஒரு மில்லிகிராம் ஊசி போடுவார்கள். ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையென்றால் அரை மில்லிகிராம். இந்த வைட்டமினைக் கண்டுபிடித்த டென்மார்க் விஞ்ஞானி ஹென்ரிக் டாமுக்கு 1943-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஊசி போட்டார்களா என்று கேட்டு, சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

1. பிறந்த தேதி, எடை, வைட்டமின் 'கே' போட்ட விவரம்.
2. கொடி எப்போது விழுந்தது, ரத்தம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது.
3. எத்தனை துணி நனைந்தது. நின்ற பிறகு மறுபடி வந்ததா?
4. துர்நாற்றம், சீழ், சுற்றிலும் சிவப்பு, காய்ச்சல் உண்டா?
5. தொப்புளில் என்ன தடவினீர்கள்? கூச்சப்படாமல் எழுதுங்கள்.
6. சொந்தத்தில் திருமணமா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ரத்தம் போனதா?

டிஸ்சார்ஜ் ஆகும்போது, "தொப்புள்ல ரத்தம் வந்ததையும் காரணத்தையும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சித்த வைத்தியன் சொல்கிறேன்!

பாளையங்கோட்டையில் படித்தவன் நான். வசம்பின் குணம் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: ஆறாத தொப்புளில் வசம்பு, மஞ்சள், விளக்கெண்ணெய், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்தாலே கொடி தானாக விழும். விழும்போது ஓரிரு துளி ரத்தம் வருவது சகஜம். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, நின்று மறுபடி வந்தாலோ, என்னைப் போன்றவரிடம் வந்து நேரத்தைக் கழிக்காதீர்கள். ஆவடியோ, அம்பத்தூரோ, பூந்தமல்லியோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எங்கள் சித்த மருத்துவ நோய்ப் பெயர்களுக்கும் உலகப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் 2024-ல் இடம் கிடைத்துவிட்டது. இனி நாங்களும் எழுதித்தான் ஆக வேண்டும். மூத்த குழந்தைக்கு அன்று யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். தம்பிக்காவது அந்த வரி கிடைத்தது.