சனிக்கிழமைச் சம்பளமும் மாத உதவித்தொகையும்

சேவூர்ப் பகுதியில் உயர்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்குக் காலாண்டு விடுமுறை என்றாலே ஒரு கவலை. விடுமுறைக்கு மட்டும் என்று பனியன் கம்பெனிக்கோ தறிக்குடோனுக்கோ போகும் பிள்ளைகளில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. பத்து நாள் வேலைக்குப் பிறகு தீபாவளி நெருங்கிவிடும். ஆர்டர் முடிக்க ஆள் தேவைப்படும் காலம் அது. காலையில் பள்ளிப் பேருந்து நிற்கும் அதே இடத்தில்தான் கம்பெனி வேனும் நிற்கிறது.

இப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். இதற்குக் காரணம் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 முதல் 18 வயது வரையிலானவர்களை அபாயகரமான வேலைகளிலிருந்துதான் தடுக்கிறது. துணி மடிப்பதும் பிசிர் வெட்டுவதும் அந்தப் பட்டியலில் வராது. எட்டாம் வகுப்பு முடிந்த பிள்ளையைச் சட்டம் மட்டும் பள்ளியில் உட்கார வைத்துவிடாது.

அப்படியானால் அரசு தரும் பணம் உட்கார வைக்குமா? சக ஆசிரியர்கள் பலர், மாதம் ஆயிரம் ரூபாயால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். கைமடிக்குப் போகும் பிள்ளை ஒரே வாரத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொண்டுவரும். கூலியோடு உதவித்தொகையைப் போட்டிக்கு நிறுத்தினால் உதவித்தொகை தோற்கத்தான் செய்யும். ஆனால் வீட்டுக் கணக்கு அப்படி நடப்பதில்லை. செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு தாய் என்னிடம் சொன்னது: "பதினஞ்சாந்தேதி வாக்குல வர்ற ஆயிரம் குழுக் கடனுக்குப் போயிருதுங்க டீச்சர். அது இல்லீனா பையனத்தான் ஒரு மாசம் வேலைக்குப் போன்னு சொல்லோணும்." கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றித்தான் அவர் சொன்னார். 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் அந்தத் தொகைக்கும் பள்ளிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியதில் அதற்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆர்டர் குறைந்து வாரத்துக்கு மூன்று ஷிப்ட் மட்டும் கிடைக்கும் மாதங்களில், தேதி தவறாமல் தாயின் கணக்குக்கு வரும் சிறு தொகை, பிள்ளையிடம் கேட்க வேண்டிய நிலையைத் தள்ளிப்போடுகிறது. அந்தப் பணத்தின் பலம் அதன் அளவில் இல்லை, வரும் நாளிலும் சேரும் கையிலும் இருக்கிறது.

இந்தக் கண்ணோடு நம் திட்டங்களை வகுப்பு வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் காலை உணவு, சத்துணவு, சீருடை, புத்தகம் என்று வீட்டுச் செலவு குறைந்துவிடுகிறது. மறுமுனையில் கல்லூரிக்குப் போனால் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024) என மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 10, 11, 12ஆம் வகுப்புகளுக்கான சிறப்பு ஊக்கத்தொகை முறையே 1,500, 1,500, 2,000 ரூபாய். அது வைப்பீடாக இருந்து, பிளஸ் டூ முடித்த பிறகே கைக்கு வரும். ஆதிதிராவிட, பழங்குடியின மாணவர்களுக்கு 9, 10ஆம் வகுப்புகளில் மெட்ரிக்குக்கு முந்தைய உதவித்தொகை உண்டு, அது ஆண்டுக்கு ஒரு முறை. ஆக, கம்பெனி வேன் கூப்பிடும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் மாதாமாதம் வரும் பணம் மிகக் குறைவு.

மெக்சிகோ நாட்டில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டம் இந்த இடத்தைச் சரியாகக் கணித்தது. அங்கே பணம் தாயின் கையில் தரப்பட்டது. பிள்ளை 85 சதவீத நாட்கள் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது. பிள்ளை வளர வளர வெளியே கிடைக்கும் கூலியும் வளர்கிறது என்பதே காரணம். உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். மாணவர் சேர்க்கை அதிகம் உயர்ந்ததும் அந்த வகுப்புகளில்தான். நம் மாநிலத்திலும் 9, 10ஆம் வகுப்புகளுக்கு அப்படி ஒரு மாதத் தொகை வந்தால் திருப்பூர் மாவட்டத்தில் அதன் பலன் ஓராண்டிலேயே தெரியும் என்பது என் கருத்து.

அதுவரை இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியது நிறைய. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நம் மாநிலத்துக்கு 6,695 இடங்கள். பயிற்சி கொடுத்துத் தேர்ச்சி பெற வைப்பதில் காட்டும் அக்கறையை அதன் பிறகும் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் தொகை நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 55) எடுத்தால்தான் மேற்கொண்டு தொடரும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது வங்கிக் கணக்கு. "பணம் வரவில்லை" என்று வந்த சிலருக்கு உண்மையில் பணம் வந்திருந்தது. வேறொரு கணக்கில் ஆதாரைக் கடைசியாக இணைத்திருந்ததால் அங்கே போய் விழுந்திருந்தது. பெயரில் இனிஷியல் மாறியிருப்பது, பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு என்று மற்றவை. வங்கிக்கு ஒரு முறை போனால் தாய்க்கு அரை ஷிப்ட் கூலி போய்விடும், சில சமயம் இரண்டு முறை போக வேண்டியிருக்கும். தபால்காரரையே பள்ளிக்கு வரவழைத்து அஞ்சல் வங்கிக் கணக்குத் தொடங்கினால் இந்த அலைச்சல் பெரிதும் குறைகிறது. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு ரேஷன் அட்டை ஊரில் இருக்கும், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் எடுத்திருக்க மாட்டார்கள். சேர்க்கையின்போதே கேட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

புதுமைப்பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் கல்லூரிக்கான திட்டங்கள்தானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு ஏறத்தாழ 36,000 ரூபாய் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்பாக்களும் வந்திருந்தார்கள். இடையில் நிறுத்தினால் என்ன போகும் என்று முதலில் கேட்டது அவர்கள்தான்.

எல்லாவற்றையும்விட அவசரமானது குடும்பத்தில் சாவு விழும்போது. வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அரசுப் பள்ளி மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்பீடு செய்யப்படும், தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 2025 செப்டம்பரில் வந்த அன்புக் கரங்கள் திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. துக்க வீட்டில் யாரும் இதைக் கேட்டு வரமாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வகுப்பாசிரியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், கையில் விண்ணப்பத்தோடு.