கடலைத் தாங்கும் சுவர்

ஜப்பான் நாட்டின் தெற்கே, கடலில் சங்கிலி போல் நீண்டு கிடக்கும் தீவுகளுள் ஒன்று ஒகினாவா. 1975-ஆம் ஆண்டு அங்கே கடலைப் பற்றிய உலகப் பொருட்காட்சி ஒன்று தொடங்கி நடைபெற்றது. அது நடந்த கடற்கரை பின்னர் பெரிய பூங்காவாக மாற்றப்பட்டது. அங்குள்ள 'சுராவுமி' கடற்காட்சியகத்தின் இன்றைய கட்டடம் 2002 நவம்பரில் திறக்கப்பட்டது. சுராவுமி என்றால் 'அழகிய கடல்' என்று பொருள்.

பவளப் பாறைகளில் வாழும் வண்ண மீன்கள், ஆழ்கடல் உயிர்கள், கடல் ஆமைகள், டால்பின்கள் எனப் பார்க்க வேண்டியவை அங்கே பல உண்டு. ஆயினும், வருவோர் எல்லாரும் நெடுநேரம் நின்றுவிடும் இடம் ஒன்றுதான். 'குரோஷியோ' என்னும் பெரிய தொட்டியின் முன்புறம் அது. அத்தொட்டியில் 75 இலட்சம் லிட்டர் கடல்நீர் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா அதில் நீந்துகிறது. 8 மீட்டருக்கு மேல் வளர்ந்த சுறாவும் அங்கே இருந்ததுண்டு.

இரை போடும் நேரத்தில் பார்க்க வேண்டும்! திமிங்கலச் சுறா தன் உடலை நிமிர்த்தி, தலை மேலாகவும் வால் கீழாகவும் நீருக்குள் தூண் போல் நின்று, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். 8 மீட்டர் மீன் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் தொட்டியின் ஆழம் அதற்கும் மேல் இருக்க வேண்டுமல்லவா? இத்தொட்டியின் ஆழம் 10 மீட்டர். இந்த ஆழத்திலிருந்துதான் நம் பாடம் தொடங்குகிறது.

பார்வையாளர் முன் நிற்கும் ஒளிபுகும் சுவரின் அகலம் 22.5 மீட்டர், உயரம் 8.2 மீட்டர். திறக்கப்பட்டபோது உலகிலேயே பெரியது அதுவே. பின்னர் வேறு நாடுகளில் அதைவிடப் பெரியவை எழுந்துவிட்டன. இச்சுவர் எவ்வளவு விசையைத் தாங்குகிறது? நாமே கணக்கிடுவோம்.

சுவரின் மேல் விளிம்பு வரை நீர் நிற்பதாகக் கொள்வோம். மேல் விளிம்பில் நீரின் அழுத்தம் சுழி. கீழே போகப் போக அது சீராக உயரும். ஆகவே, சராசரி அழுத்தம் என்பது பாதி உயரத்தில், அதாவது 4.1 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தமே. அந்த ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் மீது 4.1 கன மீட்டர் கடல்நீரின் எடை, ஏறத்தாழ 4.2 டன் அழுத்துகிறது. சுவரின் பரப்பு 22.5 × 8.2 = 184.5 சதுர மீட்டர். மொத்த விசை 184.5 × 4.2, அதாவது சுமார் 775 டன். ஒரு யானையின் எடை 5 டன் என்றால், 155 யானைகளின் எடைக்குச் சமமான விசை அச்சுவரை வெளியே தள்ளிக் கொண்டிருக்கிறது!

இக்கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். சுவரின் அகலம், உயரம், நீரின் ஆழம், நீரின் அடர்த்தி ஆகியவை மட்டுமே இதில் வருகின்றன. சுவருக்குப் பின்னால் தொட்டி எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பது வரவே இல்லை. சுவருக்குப் பின்னால் ஒரு சாண் அகலமே நீர் இருந்தாலும், அசையாத பெருங்கடலே இருந்தாலும், ஆழம் ஒன்றாக இருக்கும்வரை விசையும் ஒன்றே! நம்ப முடியாததாகத் தோன்றும் இவ்வுண்மையை ஸ்டெவின் என்ற அறிஞர் 1586-லேயே விளக்கினார்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு குறுகிய பிளாஸ்டிக் பாட்டிலையும், வாயகன்ற பழைய டின் ஒன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டிலும் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரே ஆணியால் துளையிட்டு, விரலால் அடைத்துக் கொள்ளுங்கள். துளைக்கு மேல் 15 செ.மீ. உயரம் நீர் ஊற்றி, இரண்டையும் ஒரே திண்ணையின் விளிம்பில் வைத்து, பாட்டிலின் மூடியைத் திறந்தபடி விட்டு, விரல்களை எடுங்கள். தொடக்கத்தில் இரு நீர்த்தாரைகளும் ஏறக்குறைய ஒரே தொலைவில் விழும். பாட்டிலில் நீர்மட்டம் விரைவில் குறைவதால் அதன் தாரை முதலில் தளரும்; அவ்வளவே.

இனிச் சுவருக்கு வருவோம். அது கண்ணாடி அன்று. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். பல தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டி 60 செ.மீ. தடிமனாக்கியிருக்கிறார்கள். இத்தனை தடிமனில் சாதாரணக் கண்ணாடி பச்சையாகத் தெரியும். எடையும் அக்ரிலிக்கைப் போல் இரு மடங்காகும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. ஆதலால் நேராகப் பார்க்கும்போது 60 செ.மீ. சுவர் 40 செ.மீ. தடிமனாகவே தோன்றும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. எனவே, சுவருக்கு அப்பால் 4 மீட்டர் தொலைவில் உள்ள மீன் 3 மீட்டரில் இருப்பது போல் தெரியும். கண்முன் வந்து நின்றதாக மக்கள் வியப்பது இதனால்தான்.

வெளியே, கடலைப் பார்த்தபடி டால்பின் அரங்கு உள்ளது. நீரை விட்டு வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலாகக் கிளம்பும் உடல் 5 மீட்டர் உயரம் எழும். டால்பினுக்கு அவ்வேகத்தைத் தருவது வால்துடுப்பு. துடுப்பு நீரைப் பின்னே தள்ள, நீர் உடலை முன்னே தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இங்கிருந்த 'ஃபூஜி' என்ற பெண் டால்பின் 2002-இல் நோயால் வால்துடுப்பின் முக்கால் பங்கை இழந்தது. நீந்துவதே அதற்கு அரிதாயிற்று. ரப்பர் டயர் செய்யும் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பொறியாளர்கள் அதற்குச் செயற்கைத் துடுப்பு ஒன்றைச் செய்து தந்தார்கள். அளவாக வளைய வேண்டும், கழன்றுவிடக் கூடாது, தோலையும் புண்ணாக்கக் கூடாது. அத்தகைய துடுப்புடன் ஃபூஜி மீண்டும் நீந்தியது, துள்ளவும் செய்தது. 2014-இல் அது இறந்தது.

ஆனால், மாணவர்களே, சுவர் என்றால் அதற்கு உட்புறமும் உண்டு. டால்பின் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத் தன் சூழலை அறிகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1500 மீட்டர். 15 மீட்டரில் ஒரு சுவர் இருந்தால் 1/50 வினாடியில் எதிரொலி திரும்பிவிடும். எப்பக்கம் ஒலித்தாலும் பதில் சொல்வது சுவரே. திறந்த கடலில் இப்படி இல்லை. தாங்கும் விசையைக் கணக்கிடும்போது சுவருக்குப் பின்னால் எவ்வளவு நீர் என்பது பொருட்டல்ல. உள்ளே வாழும் உயிருக்கோ அதுவே எல்லாம். டால்பின் காட்சிச் சாலைகளை அனுமதிப்பதில்லை என்று 2013-இல் இந்திய அரசு முடிவு செய்தது. அமெரிக்காவின் சீவேர்ல்டு பூங்காக்கள் ஓர்க்கா திமிங்கலங்களை இனி இனப்பெருக்கம் செய்விப்பதில்லை என 2016-இல் அறிவித்தன. அருகே நின்று பார்ப்பதால்தான் கடலுயிர்கள் மீது நமக்கு அன்பு பிறக்கிறது என்பாரும் உளர். இருபக்கமும் எண்ணிப் பார்த்து உங்கள் வகுப்பில் விவாதியுங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. சுவரின் உயரத்தையும் நீரின் ஆழத்தையும் இரு மடங்காக்கினால், அதன் மீதுள்ள மொத்த விசை எத்தனை மடங்காகும்? இரு மடங்கு என்று விரைந்து விடை சொல்லிவிடாதீர்கள். சராசரி அழுத்தத்தையும் பரப்பையும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள்.