விழுப்புரம், திண்டிவனம்: நடந்து போவோர், சைக்கிளில் போவோர் பாதுகாப்பு – முக்கியக் குறிப்புகள்

(குரூப் 1, குரூப் 2 முதன்மைத் தேர்வு எழுதுவோருக்கு)

முதலில், சாலை யாருடையது?

• ஏழாவது அட்டவணையை இந்தத் தலைப்போடு சேர்த்துப் படியுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியல், பதிவு 23. இயந்திர விசையால் ஓடும் வாகனங்கள் பொதுப்பட்டியல், பதிவு 35. மற்ற சாலைகளும் இயந்திர விசை இல்லாத வண்டிகளும் மாநிலப் பட்டியல், பதிவு 13. லாரி பொதுப்பட்டியலில் வரும். சைக்கிள் மாநிலப் பட்டியலில் வரும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

• 12ஆம் அட்டவணை: 74ஆவது திருத்தம், 1993 ஜூன் 1 முதல் நடைமுறை. மொத்தம் 18 இனங்கள். சாலைகள், பாலங்கள் 4ஆவது இனம்; தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், வாகன நிறுத்துமிடம் 17ஆவது இனம். (அதே ஆண்டு செப்டம்பர் 30இல்தான் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது.)

• நகராட்சித் தெருவிலிருந்து கிளம்பி, மாநில நெடுஞ்சாலை வழியாகப் போய், புறவழிச்சாலையைக் கடக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை பத்து நிமிடத்தில் மூன்று நிர்வாகங்களின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் அமைப்பு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. விடையில் இதன் பெயர் கட்டாயம் வரவேண்டும்.

சாலை எண்கள்

• பழைய 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சென்னை–திண்டிவனம் பகுதி இப்போது 32, திண்டிவனம்–விழுப்புரம் 132, விழுப்புரத்திலிருந்து திருச்சிப் பக்கம் 38. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போவது 77, விழுப்புரம்–புதுச்சேரி 332. கிருஷ்ணகிரி சாலையின் பழைய எண் 66. இன்றைய 66 மேற்குக் கடற்கரையில் பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரும் சாலை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

களத்தில் பார்த்தால்

• திண்டிவனம்–விழுப்புரம் நான்குவழிச் சாலையில் அந்தி சாயும் நேரத்தில் நின்று பாருங்கள். கேரியரில் புல்லுக்கட்டு வைத்து ஒருவர் சைக்கிளை உருட்டி வருவார். மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கும்; புல் அதை மூடியிருக்கும். நிலம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். சென்டர் மீடியனில் திறப்பு வெகுதூரம் தள்ளி இருந்தால், அவர் ஓரமாக எதிர்த்திசையில்தான் வருவார். 'ராங் சைடு' என்று அவரைத் திட்டுகிறோம். அவர் கடக்க எங்கே இடம் விட்டோம் என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே 'தீர்வுகள்' என்று கேட்டால் விழிப்புணர்வுப் பேரணியில் தொடங்காதீர்கள். கடக்கும் இடம், சுரங்கப்பாதை, தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு, விளக்கு, வேகக் குறைப்பு என்று எழுதத் தொடங்குங்கள்.

• வேகம் ஏன் முக்கியம்? உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, கார் முன்பக்கம் மோதும்போது வேகம் மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 65 கி.மீ. ஆனால், நடப்பவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்கு கூடுகிறது. 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், மக்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் பகுதிகளுக்கு 30 கி.மீ. வரம்பைச் சொல்கிறது.

எண்கள் (2022, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்)

• நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 இறப்புகள். இறந்தவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர், சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர்.

• விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் (64,105); இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாமிடம் (17,884).

• கரும்புள்ளி (பிளாக் ஸ்பாட்): தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், 3 ஆண்டுகளில் இறப்பு அல்லது கொடுங்காயம் நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 இறப்புகள்.

சட்டம்

• மோட்டார் வாகனச் சட்டம் 1988, 2019 திருத்தம். பிரிவு 138(1ஏ): நடப்போர், இயந்திர விசை இல்லாத வண்டிகள் பற்றி மாநிலம் விதி வகுக்கலாம். 198ஏ: சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறி உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர் முதலியோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம். 134ஏ: உதவ வந்தவருக்குப் பாதுகாப்பு.

• ராஜசேகரன் எதிர் இந்திய ஒன்றியம்: கோவை எலும்பியல் மருத்துவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு. 138(1ஏ), 210டி (தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் தரம்) ஆகியவற்றின்கீழ் ஆறு மாதத்தில் விதி வகுக்குமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

• நடைபாதை: ஐ.ஆர்.சி. 103–2012. தடையில்லா அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்புக்கல் உயரம் 150 மி.மீ.க்கு மேல் கூடாது. உயரம் ஏன் என்று யோசியுங்கள்: மூட்டுவலி உள்ள பாட்டி ஏற முடியாத நடைபாதையில் யாரும் நடப்பதில்லை, எல்லோரும் தார்ச்சாலையில் இறங்கிவிடுகிறார்கள்.

அடிபட்டால்

• இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48: 2021 டிசம்பர் 18, திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் தொடக்கம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்க வரம்பு ரூ.1 லட்சம். மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் (2025): 7 நாள், ரூ.1.5 லட்சம் வரை.

• மோதிவிட்டு ஓடிய வாகனம்: இழப்பீடு இறப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 (2022 ஏப்ரல் 1 முதல்).

சைக்கிள்

• விலையில்லா மிதிவண்டி: 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிப் பள்ளிக்குப் போகத் தனித்தடமும் அதே அரசின் கடமை என்று தயங்காமல் எழுதலாம்; பதிவு 13 உங்களுக்குத் துணை.

• புதுக்கோட்டை, 1990களின் தொடக்கம்: அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் கிராமப்புறப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்.

• உலக மிதிவண்டி நாள்: ஜூன் 3 (ஐ.நா. அறிவிப்பு 2018).

பயிற்சி வினா: உங்கள் ஊரில் பள்ளி ஒன்றிலிருந்து பேருந்து நிலையம் வரையிலான பாதையை நடந்து பார்த்து, எந்த இடத்தில் எந்த நிர்வாகம் எதைச் செய்ய வேண்டும் என்று அரசமைப்புப் பதிவுகளோடு விளக்குக.