தை மாத ஊட்டிக்கு என்ன எடுத்துப் போவது?

கேள்வி: பொங்கல் விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஊட்டி போகிறோம். குளிர் தாங்குமா? எதையெல்லாம் எடுத்துப் போகலாம்?
– வாசகி, சென்னிமலை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் பகலில் இதமான வெயில்தான், இரவில்தான் சோதனை. மேகமில்லாத இரவில் தரையின் சூடு வேகமாக வெளியேறிவிடும். கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனி படிகிறது.

ஒரே தடித்த ஸ்வெட்டரை நம்பாதீர்கள். பனியன், முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் கம்பளி என அடுக்கடுக்காகப் போட்டால் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லாவும் காலுறையும் கட்டாயம். உங்கள் ஊர்ப் பருத்தித் தறிப் போர்வைகளை அவசியம் எடுத்துப் போங்கள். அறையில் அதற்கு ஈடில்லை. ஆனால் விடிகாலைப் பனியில் போர்த்திக்கொண்டு வெளியே போக வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

சொந்தக் காரில் போவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் உள்ளது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.