கோல் காவலரின் தன்னம்பிக்கை

நம்ம உலு திராம் வகுப்புக்கு வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி சொல்வது, "கான்ஃபிடன்ஸ் இல்லண்ணே." அதனால் இந்த மாதப் பாடத்துக்கு ஹாக்கி கோல் காவலரை எடுத்துக்கொண்டேன். மற்றவர் செய்யும் தப்பைப் பின்னால் நிற்பவர் சரிசெய்யலாம். காவலரின் தப்பு நேரே கோல்.

முதலில் கொஞ்சம் கணக்கு. (பொறியியல் படிக்கிறவன், விட மாட்டேன்!) கோல் வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அது ஏறக்குறைய 0.53 விநாடி. கண் பார்த்து உடம்பு அசையவே சுமார் 0.2 விநாடி போயிடும். மிச்சத்தில் "என்னால முடியுமா?" என்று யோசிக்க நேரம் ஏது?

காற்பந்திலும் இதைப் பார்க்கலாம். 2007-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். காவலர்கள் நடுவிலேயே நின்றது 6.3 விழுக்காடுதான். ஆனால் அப்படி நின்றபோது மூன்றில் ஒன்றைத் தடுத்தார்கள். பக்கவாட்டில் பாய்ந்தபோது அதில் பாதிகூட இல்லை. பிறகு ஏன் பாய்கிறார்கள்? சும்மா நின்று கோல் விட்டால் ஊரே திட்டும் இல்லையா! காத்திருக்கத்தான் துணிச்சல் அதிகம் வேணும்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருது? உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்தது, பிறர் செய்யப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. முதலாவதுதான் வலுவானது. வெறும் ஊக்கச் சொல் சீக்கிரம் கரைந்துவிடும். நம்ம முகாம்களில் கைதட்டி "உன்னால் முடியும்" என்று கத்துவதே அதிகம்; எனக்கு அதில் குறை உண்டு.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைச்சுப் பாருங்க. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் 2-2. அடுத்து ஷூட் அவுட்: 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு வருவார், அவருக்கு 8 விநாடி, எதிரே காவலர் மட்டும். நம்ம எஸ். குமார் கோலில் நிற்க, மலேசியா 7-6 என வென்றது. எல்லாரும் தன்னம்பிக்கையைப் புகழ்ந்தோம். இரண்டே நாளில், செப்டம்பர் 1, இறுதியாட்டம். ஜப்பானுடன் 6-6, மறுபடி ஷூட் அவுட், இந்த முறை 1-3 தோல்வி. தோக்கியோ ஒலிம்பிக் வாய்ப்பும் நழுவியது. இரண்டு நாளில் அத்தனை வருடப் பயிற்சி எங்கே போயிருக்கும்? முடிவை வைத்து நம்பிக்கையை அளந்தது நாமதான்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, நீங்களே செய்து முடித்த மூன்று காரியங்களைத் தேதியோடு எழுதி வாங்க. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.