பில் போடும் கணினிக்கு முதல் வழி

கேள்வி: எங்கள் மருந்துக்கடையில் பில்லிங் கணினி, சிசிடிவி, ஊழியர்களின் போன்கள் எல்லாம் ஒரே இணைய இணைப்பில். மாலைக் கூட்டத்தில் பில்லிங் திணறுகிறது. அதற்கு மட்டும் முன்னுரிமை தர முடியுமா?

பதில்: முடியும். அந்தக் கணினியை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றி, ரவுட்டரின் ‘கியூஓஎஸ்’ பகுதியில் உயர் முன்னுரிமை கொடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் அடுத்ததுதான்: அளந்து பார்த்த வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை, அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் தனித்தனியே, மொத்த வேகமாகப் பதியுங்கள். இல்லையேல் நெரிசல் ரவுட்டரைத் தாண்டி மோடத்தில் உண்டாகும். அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. பில்லிங்குக்கு அதிக வேகம் வேண்டாம், காத்திருக்காமல் போனால் போதும். என் சந்தேகம் சிசிடிவி மேல்தான்: கிளவுடுக்குப் படம் அனுப்பினால் அப்லோடு முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். போன்களை கெஸ்ட் வைஃபைக்கு மாற்றுங்கள். கியூஓஎஸ் வசதியே இல்லாத ரவுட்டர் என்றால், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.