முதலில் பாடம், பிறகுதான் நாடு

வன்னியிலிருந்து வெளிநாட்டுப் படிப்புப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில்.

கேள்வி: உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் தோற்றினேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் படிக்கத் தெரிவு வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா, "அது நாலு வருசம். இங்க கொலிச்சில ரெண்டு வருச டிப்ளோமா படிச்சால் அதுக்குள்ள வேலையும் வந்திடும், பி.ஆரும் எடுத்திடலாம்" என்கிறார். பாதிக் காசு தான் போடுவாராம். அம்மாவுக்கும் அதுதான் விருப்பம். கம்பஸ் இடத்தை விடலாமா?
— மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: விடாதீர்கள், மகள்.

சித்தப்பா பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் கனடா சில வருடங்களுக்கு முந்தியது. 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர்களின் கல்வி அனுமதிக்கு அங்கே உச்சவரம்பு போட்டார்கள். அதே வருடம் நவம்பர் 1இலிருந்து இன்னொரு மாற்றமும் வந்தது. பட்டமில்லாத டிப்ளோமா படிப்பவருக்கு, படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி இனி எல்லாத் துறைக்கும் இல்லை. சுகாதாரம், விவசாயம், அறிவியல் தொழினுட்பம், கைவினைத் தொழில்கள், போக்குவரத்து என்று அரசு பட்டியலிட்ட துறைகளுக்கு மட்டுமே உண்டு. அந்தப் பட்டியலையும் 2025இல் திருத்தினார்கள். ஏஜென்சிகள் இலகுவாக இடம் எடுத்துக் கொடுக்கும் வணிக முகாமைத்துவம், விருந்தோம்பல் டிப்ளோமாக்களில் பெரும்பாலானவை அதற்குள் வருவதில்லை. இளமாணி, முதுமாணிப் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே சித்தப்பாவிடம் கேட்க வேண்டியது எந்த நகரம் என்பதை அல்ல. எந்தக் கொலிச், எந்தக் கற்கைநெறி, அதன் குறியீட்டு இலக்கம் என்ன, அந்த இலக்கம் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காசையும் பாருங்கள். தனியாகப் போகும் ஒரு மாணவர் முதல் வருடச் சீவியத்துக்கு 22,895 கனேடிய டொலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இது 2025 செப்டெம்பரிலிருந்து உள்ள தொகை. எங்கள் ரூபாவில் ஐம்பது இலட்சத்துக்கு அருகே வரும். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இதற்கு வெளியே. படிக்கும் பருவத்தில் வாரம் 24 மணித்தியாலம்தான் வெளியில் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து ஊர்க் கடனும் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூன்றும் அந்த 16க்குள் உண்டு. கூரையில்லாத கொட்டிலில் இருந்து படித்த பிள்ளைகளுக்காக இந்த நாடு வைத்திருக்கிற மிகச் சில வாசல்களில் இது ஒன்று. படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல அல்லது உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். கற்பிப்பது ஆங்கிலத்தில். வீட்டிலிருந்து ஒரு பஸ் மாறிப் போகும் தூரம். நான்கு வருடம் படித்து முடித்த சிறப்புப் பட்டம் என்றால் கனடாவிலும் அமெரிக்காவிலும் முதுமாணிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அங்கே ஆய்வு சார்ந்த முதுமாணிக்குப் பல பல்கலைக்கழகங்கள் மாணவருக்கே உதவித்தொகை கொடுக்கின்றன. கொலிச் டிப்ளோமாவுக்கு அப்படிக் கொடுக்கும் இடம் மிக அரிது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். சோதனையை இப்போது எடுக்க வேண்டாம். பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆங்கிலத்தை இந்த நான்கு வருடமும் விடாமல் படியுங்கள், சோதனையை மூன்றாம் வருடத்துக்குப் பிறகு எடுக்கலாம். சித்தப்பாவிடம், "உங்கட பாதிக் காசை முதுமாணிக்கு வந்து கேட்பன்" என்று சொல்லிவையுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

கேள்வி: மகன் உயிரியல் பிரிவில் சி, எஸ், எஸ் எடுத்திருக்கிறான். ஏஜென்சிக்காரர் ஒருவர் வெளிநாட்டில் மருத்துவம் படிக்க இடம் எடுத்துத் தருகிறேன் என்கிறார். ஆறு வருடப் படிப்பு. முதலில் பத்து இலட்சம் கட்ட வேண்டுமாம். எனக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது, அனுமதிப்பத்திரக் காணி. தெரிந்த ஒருவரிடம் அதை ஈடுவைத்துக் காசு வாங்கலாம் என்று யோசிக்கிறேன்.
— தந்தை, அக்கராயன்குளம்

பதில்: ஐயா, தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்க முன்னர் மகனின் பெறுபேற்றுத் தாளோடு கொழும்பில் உள்ள இலங்கை மருத்துவ சபைக்கு ஒருமுறை போய் வாருங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வைத்தியராகப் பதிய வேண்டுமானால், அந்த மருத்துவக் கல்லூரி சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். மாணவரின் உயர்தரப் பெறுபேறும் பார்க்கப்படும். 2018இல் வர்த்தமானியில் வந்த குறைந்தபட்சத் தராதரம் இரண்டு சி, ஒரு எஸ். உங்கள் மகனிடம் ஒரு சிதான் இருக்கிறது. அவர் திரும்பவும் சோதனை எழுதி அந்தத் தராதரத்தைத் தொட்டால்கூட, பட்டத்தோடு வந்து சபையின் தகுதிகாண் சோதனையில் சித்தியடைந்த பிறகுதான் உள்ளகப் பயிற்சிக்குப் போகலாம். ஊரில் வயதானவர்கள் 'அக்ட் 16' என்று சொல்வது அந்தச் சோதனையைத்தான். பலர் பல தடவை எழுதுகிறார்கள். ஏஜென்சிக்காரர் சொல்லும் ஆறு வருடத்தில் இந்தக் காலம் சேரவில்லை.

மருத்துவம் அல்லாத வெளிநாட்டுப் பட்டங்களுக்கும் ஒரு அளவுகோல் உண்டு. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ உள்ளவற்றைத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறது. எந்தப் பெயரைச் சொன்னாலும் முதலில் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காணி விடயம் இதைவிடப் பாரதூரமானது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. தனிப்பட்ட ஒருவரிடம் ஈடுவைத்து எழுதும் கடதாசிக்குச் சட்டப்படி பெறுமதி இல்லை. காசு கொடுத்தவர் வயலில் இறங்கி விதைக்கத் தொடங்கினால் நீங்கள் அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறியவர் ஆகிவிடுவீர்கள், காணியே போகலாம். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து காடு வெட்டித் திருத்திய காணியை ஒரு விசாவுக்காக ஆபத்தில் வைக்காதீர்கள்.

மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எத்தனை கற்கைநெறிகளை எழுதினார்? ஆணைக்குழுவின் கைநூலில் உயிரியல் பிரிவினருக்கு நீண்ட பட்டியல் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் மருத்துவம், பல் மருத்துவம், விவசாயம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கைதடியிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. தாதியியல், மருந்தாளர், ஆய்வுகூடவியல், மீன்பிடி, பிரயோக விஞ்ஞானம் என்று இன்னும் உண்டு. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். அடுத்த தடவை கைநூலை மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் ஒரு பாடம் சித்தியில்லை. இனி வெளிநாட்டுக் கம்பஸ்தான் வழி என்கிறார்கள். உண்மையா?
— மாணவன், மல்லாவி

பதில்: இல்லை, தம்பி. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஆரம்பக் கற்கைநெறியை முடித்தால் உயர்தரச் சித்தி இல்லாமலே பட்டப்படிப்புக்குள் போகலாம். கைவேலை பிடிக்கும் என்றால் அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஊரில் எல்லோரும் 'ஜேர்மன் ரெக்' என்பார்கள். வாகனம், மின், கட்டடம், உணவு, தகவல் தொழினுட்பத் துறைகளில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். ஐந்தாம், ஆறாம் மட்டத்திலிருந்து இரத்மலானையில் உள்ள தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் ஏறலாம். கையில் தொழில் இருந்து ஜேர்மன் மொழியும் பி1 மட்டம் வரை வந்தால், அங்கே நிறுவனமே சம்பளம் தந்து பழக்கும் 'அவுஸ்பில்டுங்' பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குக் கல்விக் கட்டணம் வாங்கும் ஏஜென்சியை நம்ப வேண்டாம்.

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் இறுதி வருடம். கடன் எடுக்காமல் முதுமாணி படிக்க வெளிநாட்டில் வழி இருக்கிறதா? எந்தப் பாடம் எடுக்கலாம்?
— மாணவன், பம்பைமடு

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது உண்மையாகவே சந்தோசம். ஒரு மாணவர் வெளிநாட்டுக்குப் போகச் சரியான நேரம் இதுதான்.

உங்கள் பல்கலைக்கழகம் 1997இலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. புதிய பெயர் என்பதால் வெளிநாட்டு விண்ணப்பங்களில் ஒரு சிறு விளக்கக் கடிதம் சேர்க்க வேண்டி வரலாம். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் நான்கு வருடச் சிறப்பா, மூன்று வருடப் பொதுவா என்பதும் முக்கியம். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மூன்று வருடப் பட்டத்தை ஏற்கும் முதுமாணிகள் பல உண்டு. வட அமெரிக்கா பெரும்பாலும் நான்கு கேட்கும்.

எந்தப் பாடம் என்றால், நான் தயங்காமல் சொல்வது நீர். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களால் வாழும் மண் இது. வவுனியாக் கிராமங்களையும் தொட்டிருக்கிற சிறுநீரக நோய்க்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நிலத்தடி நீர், நீர்ப்பாசன முகாமைத்துவம், மண் விஞ்ஞானம், நன்னீர் மீன்வளர்ப்பு படித்துவிட்டு வருபவருக்கு இங்கே வாழ்நாள் முழுவதற்கும் வேலை இருக்கிறது. வராமல் அங்கேயே நின்றாலும் உலகத்தில் எங்கும் கேட்கப்படுகிற துறைகள்தான். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் டெல்ப்டில் உள்ள நீர்க்கல்வி நிறுவனமும், தாய்லாந்தில் ஆசியத் தொழினுட்ப நிறுவனமும் இவற்றுக்குப் பெயர் போனவை.

புலமைப்பரிசில்களில் முதலில் பார்க்க வேண்டியது எராஸ்மஸ் முண்டுஸ். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் கூட்டு முதுமாணி. கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கைக்கு வரும். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் நேரே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலானவை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் திறந்து மூடும், இறுதி வருடத்தில் இருக்கும்போதே போடலாம். இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கை மாணவரின் முதுமாணிக்கென்றே இருக்கிறது. இளமாணிக்கு நேரு ஞாபகார்த்தத் திட்டம், மருத்துவம் அதில் அடங்காது. அறிவித்தல் கல்வி அமைச்சினூடாக வரும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகத்திலும் விசாரிக்கலாம். பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட், அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் ஆகியவற்றையும் பாருங்கள். பிரித்தானியாவின் செவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

"ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் தொடங்கிவிட்டது. விசாவுக்கு, வருடச் செலவான 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கொன்றில் முன்கூட்டியே போட வேண்டும். அது நாற்பது இலட்சத்தைத் தாண்டும். புலமைப்பரிசில் இல்லாமல் போவதானால் இந்தத் தொகையை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் இறுதி வருட ஆய்வை உள்ளூர்க் கிணற்று நீரிலோ குளத்திலோ வையுங்கள். மேற்பார்வை செய்யும் விரிவுரையாளர் உங்களை அறிந்து எழுதும் சிபாரிசுக் கடிதமும், சொந்தக் கையால் சேகரித்த தரவும் தெரிவுக் குழுவுக்குப் புள்ளியைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: 2009இல் எல்லாப் பத்திரங்களும் தொலைந்தன. மகளுக்குப் பாஸ்போட் எடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, உயர்தரச் சான்றிதழில் வேறு எழுத்து. என்ன செய்வது?
— தாய், முள்ளியவளை

பதில்: அம்மா, இந்தக் கடிதம் வன்னியிலிருந்து அடிக்கடி வருகிறது. முதலில் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பாருங்கள். பிறப்புப் பதிவின் பிரதியை அங்கே கேட்கலாம், பதிவில் பிழையிருந்தால் திருத்த விண்ணப்பமும் அங்கேதான். சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையத்திலேயே கேட்டுப் பெறலாம்.

எழுத்து வேறுபாட்டைப் பாஸ்போட் எடுக்க முன்னர் சரிசெய்யுங்கள், பிறகு செய்தால் அலைச்சல் இரட்டிப்பு. எங்கள் பெயர்களில் தகப்பனின் பெயர் முன்னுக்கு வரும். வெளிநாட்டுப் படிவம் அதைக் குடும்பப் பெயர் என்று எடுக்கும். ஒரு இடத்தில் முதலெழுத்து, இன்னொரு இடத்தில் முழுப்பெயர் என்றிருந்தால் விசா அதிகாரி இரண்டு ஆட்கள் என்று நினைக்கக்கூடும். பிறப்புப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, சான்றிதழ், பாஸ்போட் நான்கிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கட்டும். திருத்த முடியாத பழைய சான்றிதழுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, ஆங்கில மொழிபெயர்ப்புகளைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுங்கள். பாஸ்போட்டுக்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை, வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. போகும்போது எல்லாவற்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்துச் செல்லுங்கள். மூலப் பத்திரங்களை எந்த ஏஜென்சியிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.